பிடிக்காத வேலையும் விசுவாசமும்: சனிக்கிழமைக் கூட்டத்தில் அடிக்கடி வரும் கேள்விகள்

திருப்பூரில் எங்கள் வீட்டு மாடியில் சனிக்கிழமை ராத்திரி ஒரு சின்ன ஜெபக்கூட்டம் நடக்கிறது. வாரச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு நேரே வருகிறவர்கள்தான் அதிகம். டெய்லர், செக்கிங், அயர்னிங், பேக்கிங் ஆட்கள், ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒன்றிரண்டு மெர்ச்சண்டைசர் பிள்ளைகள், கோவையில் ஃபவுண்டரியில் இருக்கிற ஓர் அண்ணன். பாதிப் பேருக்குச் சொந்த ஊர் தெற்கே. பாட்டும் வேத வாசிப்பும் முடிந்து டீ குடிக்கும்போது ஒரே பேச்சுதான் சுற்றிச் சுற்றி வரும்: "வேலைக்குப் போகவே புடிக்கலீங்ணா."

நான் போதகர் இல்லை. 24 வருஷம் பனியன் கம்பெனிகளில் இருந்தவன். அதில் 3 வருஷம் எனக்குத் துளியும் பிடிக்காத வேலை. அந்த அனுபவத்தில் நின்றுதான் பதில் சொல்கிறேன்.

வேலை பிடிக்கவில்லை என்று சொல்வது பாவமா? "வேலையில்லாம எத்தனை பேர் திரியறாங்க"ன்னு அம்மா திட்டுகிறார்.

பாவம் இல்லை, கண்ணு. முதலில் அந்த பயத்தை இறக்கி வை.

நம்ம சீமையில் இதை வாய்விட்டுச் சொல்வதே கஷ்டம். பாறையை உடைத்துக் கிணறு வெட்டி, மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்து வெள்ளாமை பார்த்த மண் இது. இங்கே சோம்பேறி என்று பேர் வாங்குவதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. அதனால் "புடிக்கல" என்றாலே "உடம்பு வளையல" என்று காதில் விழுகிறது. "வேலைய எவன் புடிச்சுச் செய்யறான், நாலு காசு பார்க்கோணும்னா செய்யோணும்" என்று பேச்சை முடித்துவிடுவார்கள். உன் அம்மா திட்டுவதும் பயத்தில்தான். அவரைக் கோபிக்காதே.

வேதத்தில் பார். ஆதியாகமம் 2-ம் அதிகாரத்திலேயே தேவன் மனுஷனை ஏதேன் தோட்டத்தில் வைத்து, அதைப் பண்படுத்தவும் காக்கவும் சொல்கிறார். அப்போது பாவம் இன்னும் வரவில்லை. ஆக, வேலை சாபம் இல்லை. 3-ம் அதிகாரத்தில்தான் முள்ளும் குருக்கும் முளைக்கிறது, முகத்தில் வேர்வை வருகிறது. நீ வெறுப்பது வேலையையா, அதில் முளைத்த முள்ளையா என்று யோசித்துப் பார். முள் குத்தினால் வலிக்கத்தான் செய்யும். வலிக்கிறது என்று சொல்கிறவனை ஆண்டவர் ஒருநாளும் அடித்ததில்லை.

மோசேயைவிடப் பெரிய ஊழியக்காரன் யார்? எண்ணாகமம் 11-ல் அவர் தேவனிடமே போய், இந்த ஜனத்தை நான் ஒருவனாய்த் தாங்க முடியாது, "எனக்கு இது மிஞ்சின பாரமாயிருக்கிறது" என்கிறார். என்னைக் கொன்றுபோடும் என்றுகூடக் கேட்கிறார். தேவன் அவரைத் திட்டவில்லை. 70 மூப்பரைக் கூட்டிவரச் சொல்லி, பாரத்தைப் பிரித்துக் கொடுத்தார். ஆனால் அதே ஜனங்கள் கூடாரங்களுக்குள் இருந்துகொண்டு முறுமுறுத்தபோது கோபப்பட்டார். பேசியது என்னவோ கிட்டத்தட்ட ஒரே விஷயம்தான். மோசே தேவன் முகத்துக்கு நேரே சொன்னார், ஜனங்கள் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். டீக்கடையில் பத்துப் பேரிடம் கொட்டுவதை ஒரு தடவை கதவைச் சாத்திக்கொண்டு அவரிடம் கொட்டு. "ஆண்டவரே, எங்க லைன் சூப்பர்வைசர் குரலைக் கேட்டாலே வயிறு கலங்குது" என்று அப்படியே சொல். ஜெபத்துக்கென்று தனிப் பாஷை தேவையில்லை.

எதனால் பிடிக்கவில்லை என்றே எனக்குத் தெரியவில்லை. காலையில் எழுந்தாலே வெறுப்பாக இருக்கிறது.

வெறுப்புக்கு முன்னால் தூக்கத்தைப் பார். ஒன்றரை ஷிஃப்ட் பார்த்துவிட்டு ராத்திரி 11 மணிக்கு ரூமுக்கு வந்து, சோறு பொங்கி, துணி துவைத்து, போனைப் பார்த்து, 1 மணிக்குப் படுத்து, 6 மணிக்கு எழுந்தால் எந்த வேலையும் நரகமாகத்தான் தெரியும்.

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டபோது, தேவன் என்ன செய்தார்? பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டார். தூதனை அனுப்பி, தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் வைத்தார். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுத்துக்கொண்டார். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் தடவை எழுப்பிச் சாப்பாடு கொடுத்த பிறகுதான் பயணம், பேச்சு எல்லாம்.

எங்கள் கூட்டத்துக்கு வந்த ஒரு தம்பி வேலையை விட்டே தீருவேன் என்று நின்றான். இரண்டு வாரம், எந்த நேரத்தில் வெறுப்பு அதிகம் என்று மட்டும் ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். எழுதியதைப் பார்த்தால் எல்லாம் ராத்திரி 8 மணிக்கு மேல். வேலை அவனுக்குப் பிடித்துத்தான் இருந்தது, அந்தக் கடைசி அரை ஷிஃப்ட்தான் அவனைத் தின்றது. வாரத்தில் மூன்று நாள் 8 மணியோடு நிறுத்திக்கொண்டான். சம்பளம் குறைந்தது, ஆளும் தெளிந்தான்.

தூங்கினாலும் சாப்பிட்டாலும் மாறாமல், எதிலும் மனம் ஒட்டாமல், செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தால் அது விசுவாசக் குறைவு இல்லை. 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், அரசாங்கத்தின் டெலி மானஸ் உதவி எண், தமிழில் பேசுவார்கள். டாக்டரைப் பார்ப்பதும், சபையில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்வதும் எலியாவுக்கு வந்த அடை மாதிரிதான்.

"யோசேப்பு மாதிரி பொறுமையாக இரு" என்று சபையில் சொல்கிறார்கள். எவ்வளவு நாள்தான் பொறுப்பது?

யோசேப்பை நாம் பாதிதான் படிக்கிறோம் என்று எனக்குத் தோன்றும். சிறைச்சாலையில் அவர் ஒழுங்காக வேலை பார்த்தார், வாஸ்தவம். ஆனால் கூடச் சிறையிலிருந்த ராஜாவின் பானபாத்திரக்காரன் விடுதலையாகப் போகிறபோது, "என்னையும் இங்கிருந்து எடுத்துவிடச் சொல்லு" என்று வாய்விட்டுக் கேட்டார். அவன் மறந்துபோனான், இரண்டு வருஷம் ஆனது, அது வேறு. கேட்டதை வேதம் குற்றமாக எழுதவில்லை.

கம்பெனி வேலைக்காரனுக்கு நான் காட்டுவது யாக்கோபைத்தான். மாமனார் லாபான் வீட்டில் 20 வருஷம். பத்து முறை சம்பளத்தை மாற்றினான் லாபான். பீஸ் ரேட்டை, அதாவது ஒரு துணிக்கு இவ்வளவு என்கிற கூலியை, ஆர்டருக்கு ஆர்டர் இறக்குகிற இடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். "பகலிலே வெயிலும் இராத்திரியிலே குளிரும் என்னைப் பட்சித்தது; நித்திரை என் கண்களுக்குத் தூரமாயிருந்தது" என்று ஆதியாகமம் 31-ல் யாக்கோபு சொல்கிறார். இதைக் கூட்டத்தில் வாசித்தபோது, நைட் ஷிஃப்டில் இருந்து வந்த ஒரு டையிங் பட்டறைத் தம்பி, "அண்ணா, இது பைபிள்ல இருக்குதுங்களா?" என்று என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி அவனே ஒரு தடவை படித்தான்.

அந்த 20 வருஷத்தை யாக்கோபு எப்படிக் கழித்தார் என்று பாருங்கள். ஆட்டை ஒழுங்காக மேய்த்தார். பீறுண்டு போனதற்கும் அவரே ஈடு கட்டினார். நடுவிலேயே ஒரு தடவை "என்னை அனுப்பிவிடும், நான் என் ஊருக்குப் போகிறேன்" என்று கேட்டார். போகமுடியாமல் போனபோது, தனக்கென்று ஒரு மந்தையைச் சேர்க்க ஆரம்பித்தார். அதற்கு 6 வருஷம். கடைசியில் தேவன் புறப்படு என்று சொன்னதும், மனைவிகள் இரண்டு பேரையும் வயலுக்கு வரவழைத்து உட்கார்ந்து பேசினார். நம்ம ஆண்கள் இந்த ஒரு வசனத்தையாவது கவனிக்க வேண்டும். வீட்டில் சொல்லாமல் வேலையை விட்டுவிட்டு, காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பிப் பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் யாக்கோபிடம் எனக்கு ஒப்பவில்லை. லாபானிடம் சொல்லாமல் ஓடினார், அதனால் ஏழு நாள் துரத்தப்பட்டார். சனிக்கிழமை சம்பளத்தை வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை வேறு கம்பெனிக்குப் போய்விடுவது நம் ஊரில் சகஜம். நீ அப்படிச் செய்யாதே. சொல்லிவிட்டுப் போ. உன் மிஷினில் நாளைக்கு யார் உட்காருவது என்று யோசிக்க ஒருவருக்கு நேரம் கொடு.

சூப்பர்வைசர் கெட்ட வார்த்தையில் திட்டுகிறார். "வேலைக்காரரே, கீழ்ப்படியுங்கள்" என்ற வசனத்துக்காகப் பொறுத்துப்போக வேண்டுமா?

பவுல் எழுதிய கொலோசெயர் நிருபம் 3-ம் அதிகாரத்தில் அந்த வசனம் இருக்கிறது. அன்றைக்கு அது அடிமைகளுக்கு எழுதப்பட்டது, வேலையை விட்டுப்போக வழியே இல்லாதவர்களுக்கு. அதே பவுல் 4-ம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் எஜமான்களைப் பிடித்துக்கொண்டு, உங்களுக்கும் பரலோகத்தில் ஓர் எஜமான் இருக்கிறார், வேலைக்காரருக்கு "நீதியும் செவ்வையுமானதைச்" செய்யுங்கள் என்கிறார். அதிகாரம் மாறிவிட்டதே என்று வாசிப்பதை நிறுத்திவிடக் கூடாது. கொரிந்தியருக்கு எழுதும்போது, அடிமைக்கு விடுதலையாக வாய்ப்புக் கிடைத்தால் அதைப் பயன்படுத்திக்கொள் என்றும் சொன்னார்.

வேலையைச் சரியாகச் செய்வதுதான் கீழ்ப்படிதல். வசவை வாங்கிக்கொள்வதும், மேலே கை படுவதைச் சகித்துக்கொள்வதும் அதில் சேராது. பெண் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்கிறேன்: 2013-ம் வருஷச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் பாலியல் தொந்தரவு பற்றிப் புகார் வாங்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். சின்னப் பட்டறையாக இருந்தால் மாவட்ட அளவில் குழு உண்டு. 181 பெண்கள் உதவி எண். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் குழுவிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். "ஜெபம் பண்ணிக்கம்மா" என்று மட்டும் சொல்லி யாராவது அனுப்பினால், அவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் புகார் கொடுங்கள்.

கூலி கேட்டுச் சங்கத்தோடு நிற்பது விசுவாசிக்கு அழகா?

அழகுதான். புதிய ஏற்பாட்டில் யாக்கோபு நிருபம் (இவர் வேறு யாக்கோபு) 5-ம் அதிகாரத்தில், பிடித்து வைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது, அது சேனைகளுடைய கர்த்தரின் காதுக்கு எட்டியது என்று இருக்கிறது. 1984-ல் பஞ்சப்படி கேட்டு இந்த ஊரில் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்ததைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கத்தோலிக்கச் சகோதரர்களுக்கு மே 1-ம் தேதியே தொழிலாளரான சூசையப்பரின் திருநாள், 1955-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் ஏற்படுத்தியது. கல் எறிவதும் பொய் சொல்வதும்தான் நமக்கு ஆகாது.

கணக்கில் பொய் எழுதச் சொல்கிறார்கள். மறுத்தால் வேலை போய்விடும்.

இதில் என் கதையைச் சொல்லியாக வேண்டும். ஒரு கம்பெனியில் ஆட்களின் வேலை நேரத்தை எழுதுகிற டைம் ஆபீஸில் நான் இருந்தேன். பையர் ஆடிட், அதாவது துணி வாங்குகிற கம்பெனியின் சோதனை, வருகிறது என்றால் ஓவர்டைம் இல்லாத இன்னொரு ரெஜிஸ்டர் தயாராக வேண்டும். முதல் தடவை எழுதினேன். மூன்று ராத்திரி உட்கார்ந்து, வேறு வேறு பேனாவில் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் அப்பமும் ரசமும் வாங்குகிற ராப்போஜனத்துக்கு எழுந்து போகக் கால் வரவில்லை. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்ற வசனம் எனக்குச் சின்ன வயசிலேயே மனப்பாடம்.

அடுத்த வருஷம் மாட்டேன் என்றேன். வேலையை விட்டு எடுக்கவில்லை, ஃபேன் காற்றில் உட்கார்ந்திருந்தவனைச் செக்கிங் டேபிளில் நிற்க வைத்தார்கள். சம்பளமும் குறைந்தது. என் மனைவி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, தாலிக்கொடியைக் கழற்றி மஞ்சள் கயிற்றில் போட்டுக்கொண்டாள். மறுக்கிறதற்கு விலை உண்டு. அதைச் சொல்லாமல் "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று உன்னிடம் சொன்னால் நானும் ஒரு கள்ள ரெஜிஸ்டர் எழுதுகிறவன்தான். ஆனாலும் மறு. முடிந்தால் முன்கூட்டியே வேறு இடம் பார்த்து வைத்துக்கொண்டு மறு.

வேலை நேரத்தில் எப்படி ஜெபிப்பது? மிஷின் சத்தத்தில் ஒன்றும் ஓடவில்லை.

செக்கிங் டேபிளில்தான் நான் இதைக் கற்றுக்கொண்டேன். மேலே டியூப் லைட், கீழே வெள்ளை டேபிள், முன்னால் டீ-ஷர்ட் குவியல். கழுத்து, தோள், கை, சைடு, பாட்டம், திருப்பிப் போட்டு மறுபடியும். பிசிறு இருந்தால் வெட்ட வேண்டும். தையல் விட்டிருந்தால், எண்ணெய்க் கறை இருந்தால், அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர். 10 மணி நேரம் நின்றுகொண்டே. முதல் ஒரு வருஷம் ஒவ்வொரு பீஸையும் மனசுக்குள் சபித்துக்கொண்டேதான் பார்த்தேன்.

பண்டல் சீட்டில் டெய்லர் நம்பர் இருக்கும். ஒருநாள் 17-ம் நம்பர் பண்டலில் வரிசையாகப் பதினொரு பீஸில் கழுத்து ரிப் தையல் நழுவியிருந்தது. கத்தலாம் என்று லைனுக்குப் போனேன். ஒரு பிள்ளை கண் சிவந்து உட்கார்ந்திருந்தது. குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், ராத்திரி பூரா தூங்கவில்லை. நான் ஒன்றும் கேட்காமல் பண்டலை வைத்துவிட்டு, "ஆல்டர் பண்ணிக் குடு கண்ணு, மெதுவா" என்று வந்துவிட்டேன். அன்றைக்கிருந்து சீட்டைப் பிரிக்கும்போது அந்த நம்பரைச் சொல்லி ஒரு வார்த்தை: "ஆண்டவரே, 17." அவ்வளவுதான் ஜெபம். வேலை பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கால் வலி அப்படியேதான் இருந்தது. சபிப்பது மட்டும் நின்றது.

17-ம் நூற்றாண்டில் பாரிஸில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒரு துறவி இருந்தார். கார்மேல் மடத்துச் சமையல்கட்டில் பல வருஷம் வேலை. சுபாவத்திலேயே சமையல் வேலை அவருக்கு ஆகாது, கால் வேறு ஊனம். அந்தப் பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலேயே தேவனோடு பேசப் பழகிக்கொண்டார். 1691-ல் அவர் இறந்து இத்தனை காலமாகியும் ஜனங்கள் அவரைப் பற்றிப் பேசுகிறார்கள். மிஷின் சத்தம் நமக்கு மட்டும் தடையாகிவிடுமா என்ன.

ஷிப்மெண்ட் அவசரம் என்று ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடுகிறார்கள். போனால் தவறா?

ஒருநாள் போவது வேறு, ஞாயிறே இல்லாமல் போவது வேறு. உபாகமம் 5-ல் ஓய்வுநாள் உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் "உன்னைப்போல" இளைப்பாறுவதற்கு என்று எழுதியிருக்கிறது. எகிப்தில் நீ அடிமையாயிருந்ததை நினை என்கிறது. ஓய்வெடுப்பது நீ அடிமையில்லை என்பதற்கு அடையாளம். காலை ஆராதனைக்கு முடியவில்லை என்றால் சாயங்கால ஆராதனைக்குப் போ. அதுவும் இல்லையா, வேறு ஒரு நாளைப் பிடித்துக்கொள்.

வேலையை விடுவது தேவசித்தமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? டப்பாவிலிருந்து எடுத்த வாக்குத்தத்த வசன அட்டையில் "புறப்பட்டுப் போ" என்று வந்தது.

அட்டையை வைத்து வேலையை விடாதே, சாமி. ஒரே டப்பாவில் "காத்திரு" என்றும் இருக்கும், "எழும்பு" என்றும் இருக்கும்.

நான் கேட்கிற கேள்விகள் இவை. கையில் மூன்று மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறதா? வட்டிக்கு வாங்கியது எவ்வளவு? கற்றுக்கொள்ள வேண்டியது ஏதாவது பாக்கி இருக்கிறதா? ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டுகிறவன் பிளாட்லாக் மிஷினும் கற்றுக்கொண்டு வெளியேறினால் கூலி பேச ஒரு பிடி கிடைக்கும். வீட்டில் பேசினாயா? உன்னை நன்றாகத் தெரிந்த, உன் முகத்துக்கு நேரே "வேண்டாம்" என்று சொல்லக்கூடிய ஒருவர் என்ன சொல்கிறார்? இதையெல்லாம் ஜெபத்தோடு செய்வதும் தேவசித்தம் தேடுவதுதான்.

வேலை பிடிக்கவில்லை என்பதற்காக முழுநேர ஊழியத்துக்குப் போகிறேன் என்று மட்டும் சொல்லாதே. பவுலே கொரிந்துவில் கூடாரம் தைத்துக்கொண்டுதான் பிரசங்கித்தார்.

பல வருஷமாக ஜெபிக்கிறேன். வேலையும் மாறவில்லை, மனசும் மாறவில்லை.

என் அப்பா சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் நூல் நூற்கும் ரிங் ஃபிரேமில் 31 வருஷம் இருந்தார். அரை நைட் ஷிஃப்ட் முடிந்து வரும்போது புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். அம்மா ஈரத்துணியால் துடைத்துவிடுவார். ஒருநாள் லீவு போட்டுப் பார்த்ததில்லை. சங்கு ஊதும் முன்பே சைக்கிளைத் துடைத்து நிறுத்தியிருப்பார். அவருக்கு அந்த வேலை உயிர் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

கடைசிக் காலத்தில், செக்கிங் டேபிளைப் பற்றி நான் புலம்பிக்கொண்டிருந்த ஒரு ராத்திரி சொன்னார்: "எனக்கு அந்த வேலை ஒருநாளும் புடிச்சதில்ல கண்ணு. மில் கேட்டுல நின்னு, 'ஆண்டவரே, நீயும் உள்ள வாய்யா'ன்னு கூப்புட்டுட்டுத்தான் போவேன்."

"வந்தாருங்களாப்பா?"

"தெனமும் தெரியல. சில நாள் தெரிஞ்சுது."

அவர் விவசாயத்துக்கே திரும்பிப் போயிருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு. அந்தப் பஞ்சு அவர் நெஞ்சுக்குள்ளும் போயிருந்தது. 31 வருஷம் நீயும் இருந்துதான் ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கேட்டில் நின்று கூப்பிடு, உள்ளே போ. சாயங்காலம் வேறு இடத்துக்கும் விசாரி. அடுத்த சனிக்கிழமை வரும்போது உன் பயோடேட்டாவில் இரண்டு காப்பி எடுத்து வா. ஃபவுண்டரி அண்ணன் ஓர் இடம் இருப்பதாகச் சொன்னார், பகல் ஷிஃப்ட்தானாம்.